குதிரைக்கு அடியில் இரண்டு சக்கரங்கள்

கவின், யாழினி, என் பத்திரிகைத் தொடரின் இந்த வாரப் பகுதியை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்குப் போனில் சுருக்கிச் சொல்கிற வேலை வேண்டாம். இது உங்கள் அம்மாவைப் பற்றியது.

நீங்கள் இருவரும் வீட்டில் இல்லாத காலத்தில் நடந்தது. கவின், நீ சிங்கப்பூர் வேலைக்குப் போய்வர வசதியாக ஜொகூர் பாருவில் அறை எடுத்துக்கொண்டாய். யாழினி, நீ கல்லூரி விடுதிக்குப் போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. லாயாங் லாயாங் ஊரில் நம் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க என்று சொன்னேன். அதற்கு மேல் போனில் சொல்ல எனக்கு வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற வாரம் தொழிற்சாலை பஸ் ஓட்டிய கதையைப் பாதியில் நிறுத்தினேன். அந்த பஸ் எங்கேயும் போய்விடாது.

பெக்கான் நானாஸில், அன்னாசித் தோட்டத்தை ஒட்டி ஒரு மலாய்க்காரர் வீடு. வீட்டோடு சேர்த்துக் கட்டிய தகரக் கூரை அறை. மேசைமேல் மடித்துப் போட்ட துண்டு. அந்தத் துண்டின்மேல் அம்மாவின் மாண்டலின் மல்லாந்து கிடக்கிறது. எட்டுக் கம்பிகளும் தளர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கின்றன.

அந்த வீட்டுக்காரப் பெண்மணி, காக் ரோஹானி, அதாவது ரோஹானி அக்கா, மாண்டலினின் வயிற்றின்மேல் நின்ற சின்னக் கட்டையை இரண்டு விரலால் தூக்கினார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு தீப்பெட்டியின் எடைகூட இல்லை.

அது நின்ற இடத்தில் மரம் மட்டும் வேறு நிறமாக இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியும் வெளுப்பு மாதிரி.

அம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாண்டலினைப் பாலோ ஊர்க் கோயிலுக்குக் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

ஒட்டாமல் நிற்கும் பொருள்

அந்தக் கட்டைக்கு அம்மா சொல்லும் பெயர் குதிரை. வீணையிலும் வயலினிலும் கம்பிகளைத் தாங்கி நிற்பதற்கும் அதே பெயர்தானாம். கம்பிகள் அதன் முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்குகின்றன.

மாண்டலின் குதிரைக்கு இரண்டு துண்டு. அடிக்கட்டை ஒன்று, மேல்கட்டை ஒன்று. அடிக்கட்டையில் மரை போட்ட இரண்டு கம்பங்கள் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சின்னச் சக்கரம். பத்து சென் காசைவிடச் சின்னது. மேல்கட்டை அந்தச் சக்கரங்களின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தைத் திருகினால் மேல்கட்டை உயரும் அல்லது தாழும், கம்பிகளும் கூடவே உயரும், தாழும்.

இதில் எதையும் மாண்டலினோடு ஒட்டுவதில்லை. ஆணி அடிப்பதில்லை. கம்பிகள் மேலிருந்து அழுத்துகிற அழுத்தத்தில்தான் குதிரை நிற்கிறது. ஒரு சின்னப் பிள்ளை அதன்மேல் ஏறி நின்றால் எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரம் எப்போதும் அதன்மேல் இருக்கும் என்று காக் ரோஹானி சொன்னார். அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு சக்கரங்கள்.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த பாரம் எல்லாம் லாரி, பஸ், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை. நம் வீட்டு அலமாரிமேல் இத்தனை வருடமாக இப்படி ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பொருள் சத்தம் போடாமல் நின்றிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் காது

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஜொகூர் பாருவில் ஒரு வாத்தியக் கடையை மூடினார்கள். அங்கே வாங்கியதுதான் இந்த மாண்டலின். அம்மா தோட்டத்துக் கோயில் பஜனையில் வாசிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வாசிக்கப் பழகியவர். கடையில் தொங்கிய மாண்டலின்களை வரிசையாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இருப்பதிலேயே பழசைக் காட்டினார். நான் பளபளப்பான ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரயிலடிப் பக்கம் குடியிருந்த நாட்களில் டீசல் ரயில் ஊதிக்கொண்டு போகும். அடுப்படியில் இருந்தபடியே அது நம்முடைய இரண்டாவது கம்பி என்பார் அம்மா. மழை நாளில் கொஞ்சம் இறங்கி ஊதுது என்பார். நான் போய் அந்தக் கம்பியைத் தட்டிப் பார்ப்பேன். எனக்கு ரயில் ரயிலாகவும் கம்பி கம்பியாகவும்தான் கேட்கும்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பஜனையில் அம்மா இல்லாமல் ஒரு பாட்டும் தொடங்காது. ஆர்மோனியம் வாசிக்கும் கோவிந்தன் அண்ணன்தான் குழுவுக்குத் தலைவர். ஆனால் சுதி சேர்க்கும்போது அவரே அம்மா முகத்தைத்தான் பார்ப்பார்.

குதிரைக்குத் தோடு

யாழினி, இந்த இடத்தில் நீ சிரிப்பாய்.

சரஸ்வதி பூஜைக்கு நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். புத்தகப் பை, என் கார் ஸ்டீயரிங், தையல் மெஷின், கவினின் கம்ப்யூட்டர். நீ ஒரு வருடம் மாண்டலினைப் பார்த்துவிட்டு, குதிரையின் இரண்டு பக்கமும் இருந்த சக்கரங்கள் தோடு மாதிரி இருக்கின்றன என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் அந்தத் தோடுகளுக்குக் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நெற்றியில் வைப்பதுபோல நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பாய்.

பூஜை முடிந்த மறுநாள் அம்மா மரத்தைத் துடைப்பார். சக்கரத்தை மட்டும் துடைக்க மாட்டார். சாமிக்கு வைத்த பொட்டு, தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று விட்டுவிடுவார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாத்தியம் வைத்திருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

காய்ந்த சந்தனம் உதிரவில்லை. தண்ணீரோடு குழைத்தது அல்லவா, மரைக்குள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதன்மேல் அடுத்த வருடத்துச் சந்தனம், அதன்மேல் அதற்கடுத்த வருடம்.

காய்ச்சலுக்குப் பிறகு

யாழினி விடுதிக்குப் போன கொஞ்ச நாளில் அம்மாவுக்கு டெங்கி வந்தது உங்களுக்குத் தெரியும். குணமாகி வந்த பிறகு நடந்ததுதான் தெரியாது.

காதில் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது என்றார். அது சில வாரத்தில் போய்விட்டது. ஆனால் மாண்டலினை எடுத்தால் ஏதோ சரியில்லை என்றார். வெறும் கம்பியைத் தட்டினால் ஆர்மோனியத்தோடு சேர்கிறது. விரலை வைத்து மேலே போகப் போக விலகுகிறது. கம்பியை இறுக்கும் முறுக்காணியைத் திருகுவார், வாசிப்பார், நிறுத்துவார், மறுபடியும் திருகுவார். ஒரு பாட்டுக்கு மூன்று முறை.

ஒரு வெள்ளிக்கிழமை பஜனை நடுவில் கோவிந்தன் அண்ணன் வழக்கமான கிண்டலோடு கேட்டுவிட்டார்.

"என்னா தங்கச்சி, கம்பி ஒரு பக்கம் போவுது, என் பொட்டி ஒரு பக்கம் போவுது. காய்ச்சல் காதுல எறங்கிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மாண்டலினைப் பெட்டியில் வைத்து, கொக்கியைப் போட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து வெறுமனே தாளம் போட்டுவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றார். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"காது போன ஆளு வீட்டுல மாண்டலின் எதுக்குங்க? பாலோ கோயில்ல புதுசா குழு ஆரம்பிக்கிறாங்களாம். அங்க போவட்டும். சத்தமாச்சும் கேட்டுக்கிட்டு இருக்கும்."

காது அவருடையது. உள்ளே என்ன கேட்கிறது என்று நான் எப்படிப் போய்ப் பார்ப்பது? பாலோ குழுவில் இருந்த நம் தூரத்துச் சொந்தக்காரர், பெருமாள் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

தவ்கே கொடுத்த திருகாணி

கொடுக்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாது அல்லவா. ஒரு நாள் காலை ஷிப்ட் முடித்து வந்து, பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு மாண்டலினைத் துடைக்க உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சக்கரங்களைக் கவனித்தேன். ஒன்று சந்தனமும் துருவும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது, அசையவில்லை. மற்றது விரல் பட்டதும் சுற்றியது. ஆனால் சுற்றினாலும் ஏறவில்லை, இறங்கவில்லை. மரை தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. அந்தப் பக்கம் மேல்கட்டை தாழ்ந்து கிடந்தது.

பொருள் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அதற்கும் அம்மாவின் காதுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

குளுவாங்கில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போய்த் தேய்ந்த கம்பத்தைப் படத்தில் காட்டினேன். கடை முதலாளி, சீனத் தவ்கே, கண்ணாலேயே அளந்து, ஒரு பொட்டலம் திருகாணியும் நட்டும் கொடுத்தார். வீட்டில் வந்து அந்த நட்டைப் பழைய கம்பத்தில் போட்டால் இரண்டு சுற்று ஏறுகிறது, பிறகு கடித்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருகலாம் என்று குறடைத் தேடினேன். அம்மா வந்து பார்த்தார்.

"அதுக்கு வலிக்குதுங்க, விடுங்க," என்றார்.

நான் விட்டுவிட்டேன். பாருங்கள், கொடுத்துவிடப் போகிற பொருள்தான். அப்படியும் அந்த வார்த்தைதான் வந்தது.

வாசிக்கிற ஆளைக் கூட்டி வாருங்கள்

என் பஸ்ஸில் வேலைக்குப் போகும் மலாய்ப் பெண்மணி ஒருவர் முன் இருக்கையில்தான் உட்காருவார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். பெக்கான் நானாஸில் தன் ஒன்றுவிட்ட அக்கா இருப்பதாகச் சொன்னார். கஸால் குழுவில் வயலின் வாசிக்கிறாராம், ஊரில் உள்ள கம்பி வாத்தியங்களையும் பழுது பார்க்கிறாராம்.

இங்கே ஒரு பக்கக் கதை. ஜொகூர் மலாய்க்காரர்களின் கஸால் கச்சேரியை நான் அதற்கு முன் நின்று கேட்டதில்லை. அதிலும் ஆர்மோனியம் உண்டு, தபேலா உண்டு. நம் பஜனையில் இருக்கும் அதே பெட்டி, அதே தோல். இருபது வருடமாக அவர்கள் கல்யாண வீட்டு வாசலைத் தாண்டி பஸ் ஓட்டியிருக்கிறேன், உள்ளே வாசிப்பது நமக்கும் தெரிந்த வாத்தியம் என்று தெரியாமல்.

காக் ரோஹானிக்குப் போன் செய்தேன். குதிரையை மட்டும் கழற்றிக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம், கழற்றினால் அது நின்ற இடம் தெரியாமல் போகும் என்றார். அப்படியானால் மாண்டலினைக் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், பாங் என்றால் அண்ணன்.

"மாண்டலின் மட்டும் வந்து என்ன செய்ய? வாசிக்கிற ஆளைக் கூட்டி வாங்க, பாங்."

அம்மா வர மறுத்தார். உடைந்த பொருளைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. கூலாய் வழியாகப் போனோம். வழியெல்லாம் அன்னாசிக் கடைகள். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அரிசி மணி அகலம்

இப்போது அந்தத் தகரக் கூரை அறைக்குத் திரும்புகிறேன்.

குதிரையைத் தூக்குவதற்கு முன்பே காக் ரோஹானி அடிக்கட்டையைச் சுற்றிக் காகித நாடா ஒட்டிப் பென்சிலால் குறித்துக்கொண்டார். என் கையில் கொடுத்த குதிரையைத் திரும்ப வாங்கி, வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். வாசிக்கும்போது எங்கே தப்புகிறது என்று கேட்டார்.

"என் காதுலதான், காக்," என்றார் அம்மா, மலாயில், சாதாரணமாக.

காக் ரோஹானி குதிரையை மேசைமேல் நிறுத்தினார். மேல்கட்டையை விரலால் தொட்டார். அது முன்பக்கம் சாய்ந்து ஆடியது. சக்கரம் தேய்ந்து, மேல்கட்டையின் துளைகளும் தளர்ந்து, கம்பிகள் இழுக்க இழுக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு என்று நான் கேட்டேன். விரல் நுனியில் காட்டினார். ஓர் அரிசி மணியின் அகலம்.

அந்த அளவுக்குக் கம்பிகள் குட்டையாகிவிட்டன. வெறும் கம்பியை முறுக்காணியால் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் விரல் வைக்கும் கட்டங்கள் பழைய நீளத்துக்கு அளந்து பதித்தவை. மேலே போகப் போக ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும்.

அம்மா ஜன்னலை விட்டு மேசைப் பக்கம் வந்து நின்றார்.

கம்பங்களைக் கழற்றுவதுதான் சிரமமாக இருந்தது. அடிக்கட்டையோடு பிடித்துக்கொண்டு வரவில்லை. காக் ரோஹானி ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைச் சூடாக்கி, கம்பத்தின் தலையில் வைத்துப் பிடித்தார். இரும்பு சூடானால் மரம் பிடியை விடும் என்றார். நாங்கள் காத்திருந்தோம்.

முதலில் வந்தது வாசம். எரிந்த வாசம் இல்லை, சந்தன வாசம். மரைக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை வருடத்துச் சந்தனமும் சூட்டில் இளகி, அந்த அறை முழுக்கப் பரவியது. பெக்கான் நானாஸில், மலாய்க்காரர் வீட்டில், கம்பஸ் என்கிற மலாய்க் கம்பி வாத்தியமும் வயலினும் தொங்கும் சுவருக்கு நடுவில், நம் வீட்டு சரஸ்வதி பூஜை. காக் ரோஹானி சூட்டுக்கோலை எடுக்காமலேயே தலையைத் தூக்கி மூச்சை இழுத்தார். இரும்புக்கு யார் வாசனை போட்டது என்று கேட்டார். என் மகள் என்றார் அம்மா.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அம்மா சிரித்ததைப் பார்த்தேன்.

கம்பத்தில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, அடி நட்டைப் பிடித்துத் திருப்பினார். கம்பம் முனகிக்கொண்டு வெளியே வந்தது. நான் குளுவாங்கில் வாங்கிய பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இது மில்லிமீட்டர் மரை, அது இஞ்ச் மரை, இரண்டும் பேசிக்கொள்ளாது என்றார். தன் தகர டப்பாவிலிருந்து பித்தளைக் கம்பங்களையும் சக்கரங்களையும் எடுத்தார். விரலாலேயே போட்டார். வழுக்கிக்கொண்டு ஏறின.

மேல்கட்டையின் தளர்ந்த துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, இறுகியதும் புதிதாகத் துளை போட்டார். குதிரையைப் பென்சில் குறிக்கு நேராக வைத்துக் கம்பிகளை ஏற்றினார். குதிரை செங்குத்தாக நின்றது.

பச்சை விளக்கு

நான் முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். இனிமேல்தான் தொடக்கம் என்றார் காக் ரோஹானி. நேராக நின்றால் போதாது, சரியான இடத்தில் நிற்க வேண்டும்.

அவர் மேசையில் ஒரு சின்ன சுதிக் கருவியை வைத்தார். அதன் முகம் எனக்கும் அவருக்கும் தெரியும்படி, முதுகு அம்மா பக்கம். சுரம் ஏறினாலும் இறங்கினாலும் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை.

கம்பியின் சரிபாதியில் விரலைப் பட்டும் படாமலும் வைத்துத் தட்டினால் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு அதே இடத்தில் விரலை அழுத்தித் தட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் நிற்கிறது. இரண்டு கம்பங்களும் இரண்டு கட்டைகளும் சேர்ந்து தேடுவது அந்தப் பாதியைத்தான்.

அம்மா தட்டினார். அழுத்தித் தட்டினார். இன்னும் ஏறித்தான் இருக்கு என்றார். சிவப்பு. காக் ரோஹானி இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் அடிக்கட்டையைத் தள்ளினார். நகர்ந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா மறுபடி தட்டினார். இன்னும். சிவப்பு. மறுபடி தள்ளினார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தட்டி, அழுத்தித் தட்டி, மெதுவாகச் சொன்னார்.

"நில்லுங்க. இதான்."

பச்சை.

நான் வாயைத் திறக்கப் போனேன். காக் ரோஹானி என்னைப் பார்த்தார், பேசாதே என்பது போல. அடுத்த ஜோடிக் கம்பிக்குப் போனார்கள். அம்மா நில்லுங்க என்று சொன்ன இடத்தில் பச்சை. அடுத்ததற்கும் பச்சை. ஒவ்வொரு முறையும் விளக்கு மாறுவதற்கு முன்பே அம்மாவின் புருவம் மாறியது. நான் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவின் புருவத்தைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு காக் ரோஹானி ஒரு காரியம் செய்தார். அம்மா கண்ணை மூடியிருக்கும்போது, ஒன்றும் சொல்லாமல், அடிக்கட்டையை ஒரு மயிரிழை தள்ளிவிட்டார். மறுபடி ஒரு தரம் தட்டச் சொன்னார். அம்மா தட்டினார், கண்ணைத் திறந்தார்.

"ஏன் காக் நகத்துனீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

காக் ரோஹானி அந்தக் கருவியை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பழைய இடத்துக்குத் தள்ளினார். அம்மா தட்டினார். பச்சை வந்தது. இவ்வளவு நேரமும் இது எனக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும்தான் தெரிந்தது என்றார். பிறகு, தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"உங்க காதுக்கு ஒண்ணும் ஆகல. இத்தனை நாளும் அது உண்மையத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

அம்மா கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, டம்ளரை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பிள்ளைகளே, அப்பாவுக்கு வார்த்தை போதவில்லை. ஓர் அரிசி மணி அகலத்தைக் காதால் அளந்த ஒருவர், அந்தக் காதே போய்விட்டது என்று மாதக்கணக்கில் அழாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்.

பாலோவுக்கு ஒரு போன்

திரும்பும்போதும் கூலாய் வழியாகத்தான் வந்தோம். பெட்டி மடியில் இருந்தது. கொக்கி போடவில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டார், பெருமாள் அண்ணன் நம்பர் உங்க போன்ல இருக்கா என்று. எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. மாண்டலின் வரல. வேணும்னா நான் வர்றேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மா ஆமாம் ஆமாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தார். இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா பாலோவுக்குப் போகிறாரே, அது இப்படித் தொடங்கியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா பழையபடி முன்வரிசையில் உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிந்ததும் கோவிந்தன் அண்ணன் ஆர்மோனியத்தின் துருத்தியை நிறுத்தினார். கிண்டல் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் தன் முன்னால் இருந்த மைக்கை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு அவர் முகத்தைப் பார்த்தார்.

பொட்டு இப்போதும் வைக்கிறோம். யாழினி, நீ கவலைப்படாதே. முறுக்காணித் தலைக்குப் பின்னால், மரத்தில், துடைக்க வருகிற இடத்தில் வைக்கிறோம்.

அந்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு மறுநாள், சனிக்கிழமை. எனக்கு ஓய்வு நாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரரோடு சந்தைக்குப் போயிருந்தார். கட்டிலில் மாண்டலின் பெட்டி திறந்தே இருந்தது. மூடலாம் என்று போனேன். அப்போது எனக்கு இருமல் வந்தது. இருமினேன். பெட்டிக்குள்ளேயிருந்து மெல்லிசாக ஏதோ திரும்பி வந்தது.

நான் தொடவில்லை. மறுபடியும் வேண்டுமென்றே இருமினேன். மறுபடியும் வந்தது. கம்பிகள்தான். வீட்டில் யாரும் இல்லாதபோதும் அவை காத்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் அம்மாவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா என்பேன், கவின் அம்மா என்பேன். எனக்கு என்ன தோன்றியதோ, வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு, மாண்டலினின் சத்தம் வரும் துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அந்தப் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன்.

என் குரலைவிடச் சுத்தமாக ஒரு சத்தம் வந்தது. அது முழுவதும் அடங்கும் வரைக்கும் மூச்சு விடாமல் இருந்துவிட்டு, பிறகு பெட்டியை மூடினேன்.